ஆயக்குடி கொய்யாவுக்காக

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். "உடலுக்குச் சத்து சேர்ப்பது காய்ந்த வற்றலா, பழுத்த பழமா?" என்பது இன்றைய தலைப்பு. நான் பழத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். நூறு கிராம் வற்றலில் இருக்கிற இரும்பும் சுண்ணாம்பும் நார்ச்சத்தும் நூறு கிராம் பழத்தில் கிடையாது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் போவது தண்ணீர், தாதுக்கள் போவதில்லை. ஆனால் நூறு கிராம் சுண்டை வற்றலை ஒரே வேளையில் சாப்பிட்டவர் இந்த அவையில் உண்டா? வத்தக்குழம்பில் ஆளுக்கு ஒரு கரண்டி, அதில் பத்துப் பன்னிரண்டு வற்றல் விழும். கொய்யாவோ ஒன்றே நூறு கிராமுக்கு மேல் நிற்கும், முழுசாகத் தின்றுவிடுவோம். இலையில் விழுகிற அளவை வைத்தல்லவா சத்தைப் பேச வேண்டும்?

வற்றல் எப்படித் தயாராகிறது? பச்சைச் சுண்டைக்காயைத் தட்டி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற வைக்கிறோம். பகலெல்லாம் மொட்டை மாடி வெயில், சாயந்திரம் மறுபடி அதே மோர். மோர் முழுக்க வற்றும்வரை இது நடக்கும். அந்த உப்பு எங்கே போயிருக்கும்? அத்தனையும் காய்க்குள்தான். அப்புறம் எண்ணெயில் வறுக்கிறோம். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் தப்பிக்காத ஒன்று வைட்டமின் சி. வெயில், காற்று, சூடு மூன்றும் அதற்கு ஆகாது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், இந்த வைட்டமின் குறைந்து ஈறு அழுகும் ஸ்கர்வி நோயால் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். நூறாண்டு கழித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு அதே நோயைத் தடுக்கக் காய்கறிகளை உலர்த்திக் கட்டியாக அழுத்தி அனுப்பினார்கள். ஸ்கர்வி நிற்கவில்லை. காய்ந்த காயைப் போர்க்களத்திலேயே சோதித்துப் பார்த்தாயிற்று, நடுவர் அவர்களே!

பழத்தில் சர்க்கரை என்று பயமுறுத்தினார் இன்னொரு தோழர். சாறு பிழிந்தால் அந்தப் பயம் நியாயம். கடித்துத் தின்கிற கொய்யாவில் சர்க்கரையை மெதுவாக இரத்தத்தில் ஏற விடும் நார், நூறு கிராமுக்கு 5 கிராம் இருக்கிறது. கூடவே 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். விலை கூடிய ஆப்பிளில் அது 5 மில்லிகிராம்கூடத் தேறாது. பழனி பக்கம் ஆயக்குடியில் கூடை கூடையாக இறங்குகிற பழத்தைச் சொல்கிறேன்.

கடைசியாக, எதிரணி பெருமையாகச் சொன்ன அந்த இரும்பு. செடியிலிருந்து வரும் இரும்பை உடம்பு லேசில் ஏற்காது. அதே சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் நன்றாக ஏற்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இவர்கள் வீட்டில் வத்தக்குழம்பு இல்லையா? இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் வருகிற கொஞ்ச இரும்பும் சேராது. அந்த டீயைத் தள்ளிப்போட்டு, ஒரு கொய்யாவை நறுக்கி முதலில் அம்மாவுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். வற்றலில் உள்ள இரும்பு இரத்தத்தில் சேரவே எங்கள் பழத்தின் தயவு வேண்டும் என்பதை மனதில் வைத்துத் தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.