கட்டியதோடு முடியவில்லை, நடத்தவும் நிதி வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

குப்பையை அகற்றுவது உள்ளாட்சியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. சரி, அதற்கான வருமானம் உள்ளாட்சியிடம் இருக்கிறதா? உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏழை நாடுகளில் நகராட்சிகளின் பட்ஜெட்டில் சராசரியாக 20 சதவீதம் வரை குப்பைக்கே போகிறது. பணக்கார நாடுகளில் சுமார் 4 சதவீதம்தான். ஆகவே அரசு கைகொடுத்தே தீர வேண்டும். அந்த நிதி எதற்கு வருகிறது என்பதுதான் என் கவலை.

பெரும்பாலும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வருகிறது. திறப்பு விழா நடக்கிறது. அப்புறம் மின்கட்டணம், டீசல், உதிரிபாகம், தொழிலாளர் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வந்து நிற்கும். அதற்கு வழியில்லாத ஊரில் இயந்திரம் துருப்பிடிக்கும், குப்பை பழையபடி வெட்டவெளிக்கே போகும். தரம் பிரிக்க ஆளில்லாமல் உரம் தயாரித்தால் அதில் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கிடக்கும். எந்த விவசாயி அதை வாங்குவார்?

குப்பையைப் புதைக்கும் தளத்துக்கு இன்னும் நீண்ட செலவு. மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கசிவுநீராகிறது. அதைப் பிடித்துச் சுத்திகரிக்காவிட்டால் நிலத்தடி நீர் கெடும். உள்ளே மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தளத்தை மண் போட்டு மூடினாலும் இவை இரண்டும் நிற்பதில்லை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1999இலேயே, மூடிய பிறகு குறைந்தது 30 ஆண்டுகள் பராமரிக்கும் செலவையும் குப்பை கொட்டும் கட்டணத்திலேயே சேர்க்கச் சொன்னது. அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டு விதிகளும் பொதுவாக 30 ஆண்டுப் பராமரிப்பைக் கேட்கின்றன. அதற்கான பணத்துக்கு முன்கூட்டியே உத்தரவாதமும் காட்ட வேண்டும். மூடிய பிறகு பராமரிக்கப் பணம் எங்கே? நிதி கொடுக்கும் எந்த அரசும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

சிறிய ஊர்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு தளத்தை நடத்தினால் செலவு குறையும், நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் நாற்றத்தையும் லாரிகளையும் சுமக்கப் போவது ஒரே ஊர். அந்த ஊரின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் தனி ஒதுக்கீடு இல்லாமல் அங்கே இடம் கேட்பது அநியாயம்.

என் கோரிக்கை இதுதான். மானியத்தின் ஒரு பகுதியைக் கட்டுமானத்துக்குக் கொடுங்கள். மீதியை, எடைமேடையில் எடைபோட்டு, உண்மையில் பதப்படுத்திய ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுதோறும் கொடுங்கள். தளத்தை மூடுவதற்கான பணத்தை முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கை ஊர்மக்கள் கேட்கும்போது காட்டுங்கள்.