450-ஆ, 800-ஆ? அட்வென்ச்சர் பைக்கை வாங்குவதற்கு முன்னால் தூக்கிப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ரைடு எதுவும் கிடையாது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசப்போகிறேன். நடுவில் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடுக்கலாமா, கேடிஎம் 390 அட்வென்ச்சரா, இல்லை கடனை உடனை வாங்கியாவது ஹோண்டா டிரான்சால்ப், சுசுகி வி-ஸ்ட்ராம் 800டிஇ பக்கம் போய்விடலாமா? இதைக் கேட்டு விடாமல் மெசேஜ் வருகிறது. தலைப்பில் உள்ள 450, 800 எல்லாம் இன்ஜின் அளவு, சிசி கணக்கு; சுமாராகச் சொன்னால் முதல் இரண்டும் 450 வகை, அடுத்த இரண்டும் 800 வகை.

கேட்பவர்கள் எல்லாரும் ஹார்ஸ்பவரில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஹிமாலயனுக்கு 40, கேடிஎம்முக்கு 46, வி-ஸ்ட்ராமுக்கு 84, டிரான்சால்ப்புக்கு 90 சொச்சம். சரி, அந்தத் தொண்ணூறை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள்? நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகமே 80 கிலோமீட்டர்தான். மண் பாதையில் அதில் பாதி போனாலே பெரிய விஷயம். அதனால் என் முதல் கேள்வி வேறு. ஆளில்லாத இடத்தில் வண்டி படுத்துவிட்டால் நீங்கள் ஒற்றை ஆளாக நிமிர்த்துவீர்களா?

மண்ணில் ஓட்டினால் வண்டி விழத்தான் செய்யும். அதுவும் வேகத்தில் விழுவதைவிட நிற்கும்போது விழுவதுதான் அதிகம். குறுகலான பாதையில் திருப்புவோம், கால் ஊன்றப் பார்ப்போம், அந்தப் பக்கம் தரை நாலு விரற்கடை பள்ளமாக இருக்கும். அவ்வளவுதான், சாய்ந்துவிடும். இங்கேதான் சீட் உயரம் வருகிறது. ஹிமாலயன் 825 மில்லிமீட்டர், கேடிஎம் 830, டிரான்சால்ப் 850, வி-ஸ்ட்ராம் 855. ஐந்தரை அடி ஆளுக்கு ஷோரூமின் சமதளத் தரையிலேயே நுனிக்கால்தான் எட்டும் என்றால், ஓடைக்கரையில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடை. ஓட்டத் தயாரான நிலையில் கேடிஎம் 183 கிலோ, ஹிமாலயன் 196, டிரான்சால்ப் 208, வி-ஸ்ட்ராம் 230. இதற்கு மேல் கிராஷ் கார்டு, பெட்டி, தண்ணீர், கூடாரம் எல்லாம் உங்கள் கணக்கு.

நிமிர்த்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு கியரில் போடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது உருண்டு ஓடும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்து வைத்துவிடுங்கள், நிமிர்ந்த வண்டி இடது பக்கம் போய் விழாது. ஹேண்டிலை முழுக்க ஒடித்து வையுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பை அண்டக்கொடுத்து, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்னால் கிராப் ரெயிலில். முதுகை வளைக்காமல், காலால் உந்தி, சின்னச் சின்ன எட்டாகப் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். இப்படிச் செய்தால் 200 கிலோ வரை பழகிய ஆள் தனியாகச் சமாளிக்கலாம். 230 கிலோ வண்டி பெட்டியோடு ஆற்றுக் கூழாங்கல்லில் கிடந்தால், பக்கத்துத் தோட்டத்தில் யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது மணல். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிவப்பு மாவு மாதிரி இருக்கும். முன்சக்கரம் புதைந்தால் ஹேண்டில் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். எழுந்து நின்று, எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஓட்ட வேண்டும். பயந்து முன் பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. வண்டி கனமாக இருந்தால் சறுக்க ஆரம்பித்த பிறகு உங்கள் பேச்சைக் கேட்காது. இடையில் ஒரு விஷயம்: தேரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நிறைய இடம் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே விடாதீர்கள். வீடியோவுக்கு வியூஸ் வரும், கூடவே வனத்துறை வழக்கும் வரும்.

முன்னால் 21 இன்ச் சக்கரம் நான்கு வண்டியிலும் உண்டு. கல், பள்ளம் எல்லாவற்றையும் ஏறிக் கடக்க அது நல்லது. தார் ரோட்டு வளைவில் மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்பும். நீங்கள் ஓட்டுவது பத்துக்கு ஒன்பது பங்கு தார் ரோடுதான், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் உங்கள் அட்வென்ச்சர் என்றால், 19 இன்ச் அலாய் சக்கரம் வருகிற 390 அட்வென்ச்சர் எக்ஸ் போதும்.

சக்கரத்தில் பலர் கவனிக்காதது ட்யூப். டிரான்சால்ப், வி-ஸ்ட்ராம் 800டிஇ இரண்டிலும் ட்யூப் டயர். பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். ஹிமாலயனில் ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. ஜிபிஎஸ் மவுண்ட், ஃபாக் லைட் எல்லாம் அப்புறம், முதலில் அதை வாங்குங்கள். பஞ்சர் ஆனால் ஓரமாக நிறுத்தி, ஓட்டையில் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகி, காற்றடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பெரிய வண்டியை ஒரேயடியாகக் கழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி, நாள் முழுக்க நான்கு வழிச் சாலை என்றால் இரட்டை சிலிண்டரின் சுகமே தனி. அதிர்வு குறைவு, லாரியைத் தாண்ட கியர் குறைக்க வேண்டாம். டிரான்சால்ப், வி-ஸ்ட்ராம் இரண்டிலுமே 270 டிகிரி கிராங்க், அதாவது இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்காமல் முன்பின்னாக இயங்கும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிகிற வெடிப்புகளுக்கு நடுவில் சமமில்லாத இடைவெளி விழுவதால், பின்டயருக்கு மண்ணைப் பிடிக்க அவகாசம் கிடைக்கும். மலை உயரமும் ஒரு காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் இன்ஜின் சக்தி சுமார் பத்து சதவீதம் குறையும். இமாச்சலின் ஸ்பிதிக்குப் போகிற வழியில் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே இரண்டு பேரோடு 40 ஹார்ஸ்பவர் மூச்சு வாங்கும். ஆனால் அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் போகிறார்கள். விழுந்தால் தூக்க ஆள் இருக்கும்.

தனியாகப் போகிற ஆளுக்கு நான் சொல்வது 450 வகைதான். அதில் கேடிஎம் இலகு, சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு ஏற்றபடி திருகி மாற்றலாம், மண்ணில் விளையாட அதுதான் சரியான வண்டி. ஆனால் இன்ஜினை மேலே சுழலவிட்டால்தான் குஷியாகும். ஹிமாலயன் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், டேங்க் 17 லிட்டர்; கேடிஎம்மில் 14.5. மணாலி–லே வழியில் தாண்டி என்ற ஊர் பெட்ரோல் பங்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று போட்ட பலகை ரைடர்கள் நடுவில் பிரபலம். அந்த மாதிரி இடத்தில் இரண்டரை லிட்டரின் அருமை தெரியும். என் காசு என்றால் ஹிமாலயன்தான்.

விலையைப் பழைய வீடியோக்களில் பார்த்து நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். ஆன்-ரோடு விலையை ஷோரூமில் எழுதி வாங்குங்கள், அதோடு பூட்ஸுக்கும் முழங்கால் கார்டுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். டெஸ்ட் ரைடில் கட்டாயம் எழுந்து நின்று ஓட்டிப் பாருங்கள். ஹேண்டிலைப் பிடிக்க முதுகு கூனினால் ஹேண்டிலை உயர்த்தி வைக்கும் ரைசர் செலவும் சேர்ந்தது.

டயர் பற்றி அடுத்த வீடியோவில் பேசலாம். கேமராவில் சார்ஜ் தீரப்போகிறது, அடுப்படியிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். வரட்டுமா?