ஒரே லேப்டாப், மேடைக்கும் ரெக்கார்டிங்குக்கும்

(காட்சி: வியாசர்பாடியில் ஒரு தெரு, சாயங்காலம். பலகை மேடை. ஓரத்தில் மடக்கு டேபிள் மேல் லேப்டாப், மைக்குகளை அதோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ்.)

வணக்கம். இன்னிக்கு ராத்திரி இங்க கானா கச்சேரி. டோலக் ரெண்டு, கீபோர்டு, பேட், பாடுறவங்க மூணு பேர். 8 மணிக்கு மேல பாடுற அண்ணனுக்குத் தொண்டை திறந்துக்கும் பாருங்க, அந்தக் குரலை எந்த ரூம்ல உக்கார வெச்சாலும் வாங்க முடியாது. ஆனா கச்சேரி முடிஞ்சா நம்ம கையில மிஞ்சுறது என்ன? கூட்டத்துல யாரோ போன்ல எடுத்த, கிழிஞ்ச சத்தம். ரொம்ப நாளா எனக்கு அது மனசுல முள்ளாவே இருந்துச்சு. அதனாலதான் இந்த செட்டைக் கட்டினேன். தெருவுல மிக்ஸ் பண்ணணும், அதே நேரத்துல ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா பதிவாகணும், மறுநாள் வீட்டுல உக்காந்து அதே லேப்டாப்ல வேலை பார்க்கணும்.

இதுல இருக்கிற சிக்கலை முதல்ல புரிஞ்சுக்குவோம்.

(காட்சி: தெருக்குழாயில் வரிசையாகக் குடங்கள்.)

கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டா வாங்கிக்காது. குடம் நிரம்பினாத்தான் தூக்கும். அந்தக் குடத்துக்குப் பேரு பஃபர். சின்னக் குடம் வெச்சா சத்தம் சீக்கிரம் வெளிய வரும், ஆனா நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடணும். ஒரு தடவை லேட்டானாலும் ஸ்பீக்கர்ல 'டப்'புனு வெடிக்கும். பெரிய குடம் வெச்சா கம்ப்யூட்டருக்கு நிம்மதி, சத்தம்தான் தாமதமா வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தோட சின்னத் துளி) எடுக்கும்போது, 256 சாம்பிள் பஃபர்னா 5.3 மில்லி செகண்ட். உள்ள வர ஒரு குடம், வெளிய போக ஒரு குடம். இன்டர்ஃபேஸும் அதை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேரும் எடுத்துக்கிற நேரத்தையும் சேர்த்தா 12 மில்லி செகண்ட் கிட்ட வந்துடும். ஒலி 1 மில்லி செகண்டுல சுமாரா 34 சென்டிமீட்டர் போகும். அப்போ பாடுறவங்க தன் சத்தத்தைக் கேக்க காலடியில வெச்ச மானிட்டர் ஸ்பீக்கர், 4 மீட்டர் தள்ளி வெச்ச மாதிரி ஆயிடுது. டோலக்காரருக்குக் கை விழுந்த பிறகு அடி கேட்கும். பாடுறவருக்கு இன்னும் கஷ்டம். தன் குரல் எலும்பு வழியா அப்பவே காதுக்குப் போயிடுது, மானிட்டர்ல அதே குரல் பின்னாடியே வருது.

சரி, 64-க்கு இறக்கிடலாமேன்னா, ஒவ்வொரு குடத்தையும் 1.3 மில்லி செகண்டுக்குள்ள முடிக்கணும். வைஃபை டிரைவர் ஒரு தடவை குறுக்க வந்தாப் போதும், 'டப்'.

நானும் ரெண்டு வருஷம் எல்லா மைக்கையும் லேப்டாப் வழியாவே ஓட்டினேன். தண்டையார்பேட்டையில ஒரு கல்யாண ரிசப்ஷன்ல, பல்லவி நடுவுல லேப்டாப் உறைஞ்சுபோச்சு. பாடுறவர் வாய் அசையுது, மண்டபத்துல சத்தமே இல்ல. எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தாங்க. அன்னிக்கு முடிவு பண்ணினேன்: ஜனங்களுக்குப் போற நேர்க்குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகவே கூடாது.

(காட்சி: பேப்பரில் பேனாவால் வரையும் கை. மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரு கோடு, அங்கிருந்து ரெண்டு கிளை.)

வழி இதுதான். மைக் இன்டர்ஃபேஸுக்குள்ள வந்ததும் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு, இன்டர்ஃபேஸுக்குள்ளயே இருக்கிற மிக்சர் வழியா நேரா ஸ்பீக்கருக்கும் மானிட்டருக்கும் போயிடுது. தாமதம் காதுக்கே தெரியாது. இன்னொண்ணு, எந்த ஃபேடரும் (சத்தத்தை ஏத்தி இறக்குற பட்டை) தொடாம, பச்சையா லேப்டாப்புக்குப் போய்ப் பதிவாகுது. இங்க நான் ஃபேடரை ஏத்தினாலும் இறக்கினாலும் பதிவுல அது விழாது.

அப்போ மிக்ஸுக்கு லேப்டாப் எதுக்கு? எக்கோவுக்கும் ரிவெர்புக்கும் (பெரிய மண்டபத்துல பாடுற மாதிரி வர முழக்கம்)! எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. ரிவெர்ப் 20 மில்லி செகண்ட் தாமதமா வந்தா தப்பே இல்ல. பெரிய ஸ்டூடியோவுல இருக்கிறவங்களே குரல் தெளிவா நிக்கணும்னு அந்த இடைவெளியை வேணும்னே வைப்பாங்க. அதனால பஃபரை தைரியமா 512-ல வெச்சுக்கலாம். பழைய லேப்டாப்பே போதும்.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாந்துடாதீங்க. ரிவெர்ப்ல வெட் (முழக்கம் மட்டும்) முழுசா 100, டிரை (நேர்க்குரல்) சுத்தமா 0. டிரை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதே குரல் ரெண்டாவது தடவையா தாமதமா வந்து நேர்க்குரலோட மோதும். குழாய்க்குள்ள நின்னு பாடுற மாதிரி ஆயிடும்.

இதுல ஒரு இழப்பும் இருக்கு. லேப்டாப்ல இருக்கிற நல்ல நல்ல ஈக்யூ (குரலோட கனம், கூர்மையை மாத்துறது), கம்ப்ரஸர் (ஏத்த இறக்கத்தைச் சமன் பண்றது) எல்லாம் மேடைக் குரலுக்குப் போட முடியாது. மைக் கத்தினா இன்டர்ஃபேஸ்ல இருக்கிற ஈக்யூ, இல்லன்னா ஸ்பீக்கர் பக்கம் ஒரு கிராஃபிக் ஈக்யூ. எனக்கு அது போதும். சத்தம் நிக்காம இருக்கிறதுதான் முக்கியம்.

வாங்கப் போறவங்களுக்கு: ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. உள்ளயே மிக்சர் இருக்கா? யூஎஸ்பி கரன்ட்டுல ஓடாம தனி அடாப்டர் இருக்கா? 8 மைக் பத்தாதுன்னா ஏடேட் போர்ட் (இன்னொரு மைக் பெட்டியைச் சேர்க்கிற வாய்) இருக்கிறதா எடுங்க. ஒரே ஒரு ஆப்டிகல் ஒயர்ல இன்னும் 8 மைக் சேரும். ஆனா அது 48 கிலோஹெர்ட்ஸ்ல. 96-க்குப் போனா அதே ஒயர்ல 4 தான். நான் 48-ஐ விட்டு நகர்றதில்ல.

கெயினை (மைக் சத்தத்தை உள்ள வாங்குற அளவு) இன்டர்ஃபேஸ்லதான் வைக்கிறோம், அது மட்டும் மேடைக்கும் பதிவுக்கும் பொது. லைன் செக்ல (மைக் ஒவ்வொண்ணா வேலை செய்யுதான்னு பார்க்கும்போது) பாடுறவர் சும்மா "ஹலோ"ன்னுவார், அதை நம்பாதீங்க. உச்சியில எப்படிப் பாடுவாரோ அப்படிப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம வைங்க. 24 பிட்ல சின்னதாப் பதிவானா பின்னாடி ஏத்திக்கலாம், கிழிஞ்சதை ஒண்ணும் பண்ண முடியாது.

இடம்? 16 மைக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்: மணிக்கு 8.3 ஜிபி. ஒவ்வொரு மைக்குக்கும் தனி ஃபைல். 16-ஐயும் ஒரே வேவ் ஃபைல்ல போட்டா அரை மணி நேரத்துலயே 4 ஜிபி எல்லையில முட்டிடும்.

லேப்டாப்ல வைஃபை, ப்ளூடூத், அப்டேட் எல்லாம் ஆஃப். விண்டோஸ்னா இன்டர்ஃபேஸ் கம்பெனியோட ஏஸியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கிற ஆடியோ டிரைவர்) போடுங்க. வெயில் படாத இடம்.

இனி கரன்ட். ஜெனரேட்டர் மாத்தும்போது லேப்டாப் பேட்டரியில ஓடும், இன்டர்ஃபேஸ் செத்துடும், பதிவு நின்னுடும். அதனால இன்டர்ஃபேஸுக்கு ஒரு சின்ன யூபிஎஸ். ஹம் (ஸ்பீக்கர்ல 'ம்ம்'னு வர இரைச்சல்) அடிச்சா எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு. தயவுசெஞ்சு செய்யாதீங்க, மைக்கைப் பிடிச்சு நிக்கிறவர் உசுரு அது. கீபோர்டுக்கு, ஆடியோ ஒயரோட எர்த்தை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (கீபோர்டை மைக் ஒயர்ல சேர்க்கிற சின்னப் பெட்டி) போடுங்க, பெரும்பாலும் அதுலயே அடங்கிடும். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காத்துல மைக் ஒயரோட கேனன் பின் எல்லாம் பச்சை பூக்கும். மாசம் ஒரு தடவை துடைச்சு வைங்க.

கச்சேரிக்கு முன்னாடி நான் கட்டாயம் பண்ற சோதனை ஒண்ணு பாக்கி. அண்ணே, நீங்க பாடுங்க, நிறுத்தாதீங்க. பாடும்போதே யூஎஸ்பி ஒயரை உருவப் போறேன்.

(காட்சி: விரல்கள் ஒயரை உருவுகின்றன. எக்கோ அறுந்துபோகிறது. குரல் தெருமுனை வரைக்கும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.)