பிறப்புக் கதைகளும் பிடிமண்ணும்

(மலேசியாவின் பந்திங் வட்டாரத் தோட்டக் கோயில் ஒன்றின் ஆடித் திருவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கல்யாணப் பேச்சு எடுத்தால் "உங்க குலதெய்வம் எது?" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். ஜோசியரிடம் போனால், குலதெய்வக் குற்றம் இருக்கிறது, தமிழ்நாட்டில் போய்த் தேடு என்கிறார். தாத்தாவின் ஊர்ப்பெயரே தெரியாத குடும்பம் எங்கே போய்த் தேடும்? இதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதன் எதிலிருந்து வந்தான் என்று கேட்டால் பல சமயங்கள் மண்ணைக் காட்டுகின்றன. பைபிளில் கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். குர்ஆனில் ஆதமைப் படைத்தது களிமண்ணிலிருந்து. மத்திய அமெரிக்காவின் கிச்சே மாயர்கள் சொல்லும் கதை இன்னும் சுவையானது. தேவர்கள் முதலில் மண்ணில் ஆள் செய்தார்கள், தண்ணீர் பட்டுக் கரைந்து போனான். அப்புறம் மரத்தில் செய்தார்கள். அந்த ஆட்கள் நடந்தார்கள், பேசினார்கள், ஆனால் படைத்தவரை நினைக்கவே இல்லை. கடைசியில் வீட்டுப் பானையும் அரைக்கும் கல்லும் வளர்த்த நாயுமே அவர்கள்மேல் பாய்ந்தன. மூன்றாவதாக மக்காச்சோள மாவைப் பிசைந்து செய்தார்கள், அதுதான் நிலைத்தது. பாடுபட்டு விளைவித்த பயிரே உடம்பாகிவிட்டது. அந்தக் கணக்கில் நம்மைச் செம்பனைக் கொட்டையில்தான் செய்திருக்க வேண்டும்!

சீனர்களின் நூவா தேவி மஞ்சள் மண்ணைக் கையால் பிசைந்து மனிதர்களைச் செய்தாள். வேலை முடிகிற பாடில்லை. ஒரு கயிற்றைச் சேற்றில் தோய்த்து இழுத்தாள். சிதறிய துளிகளும் மனிதர்களானார்கள். கையால் செய்தவர்கள் செல்வர்கள், கயிற்றில் சிதறியவர்கள் ஏழைகளாம். ரிக் வேதத்துப் புருஷ சூக்தமும் முகம், தோள், தொடை, பாதம் என்று பிரித்துத்தான் மனிதர்களைப் பிறக்க வைக்கிறது. பிறக்கும்போதே ஆளுக்கொரு வரிசை! நம் பாட்டன்மார் தோட்ட வேலைக்காக மலாயாவுக்குக் கப்பலேறியபோது சாதியும் டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறி வந்தது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பது வரைக்கும் அது பேசியது.

இதற்குப் பதில் சொன்னவர்களும் உண்டு. வாசெட்டன், பாரத்வாஜன் என்ற இரண்டு பிராமண இளைஞர்கள் புத்தரிடம் சேர்ந்தார்கள். பிரம்மாவின் வாயில் பிறந்த குலத்தை விட்டுப் போனாயே என்று சொந்த சாதிக்காரர்கள் ஏசினார்கள். பிராமணப் பெண்கள் கர்ப்பமாவதையும் பெறுவதையும் பாலூட்டுவதையும் எல்லாரும் பார்க்கிறோமே, அப்படிப் பிறந்துவிட்டு வாயில் பிறந்தோம் என்கிறார்களே என்றார் புத்தர். அக்கஞ்ஞ சுத்தம் என்ற பௌத்த நூலில் இது இருக்கிறது. யூத ஞானிகள், கடவுள் முதலில் ஒரே ஒருவனைப் படைத்ததற்குக் காரணம் சொன்னார்கள்: என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன் என்று எவனும் சொல்லக்கூடாது. நம் திருமூலர் 'ஒன்றே குலமும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, குலதெய்வத்துக்கு வருவோம். பாலம் தாண்டினால் கேரித் தீவு. அங்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மா மெரி என்ற பூர்வகுடி மக்கள் ஆண்டுதோறும் ஹரி மோயாங் என்ற மூதாதையர் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். ஓலையைப் பின்னித் தோரணம் கட்டி, செதுக்கிய மர முகமூடி போட்டு ஆடி, மூதாதையரை அழைக்கிறார்கள். அந்த மூதாதையர் அங்கேயே இருக்கிறார்கள், விமானம் ஏற வேண்டியதில்லை.

நமக்கு வேறு வழி இருந்தது. ஊர்விட்டு ஊர் போகிறவன் தன் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையிலோ துண்டிலோ முடிந்துகொண்டு போவான். போன இடத்தில் அந்த மண்ணைப் போட்டுச் சாமியை நிறுத்துவான். தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிறது. தோட்டத்து முனியாண்டியும் மதுரை வீரனும் முதலில் எப்படி இருந்தார்கள்? மரத்தடியில் ஒரு கல், நட்ட சூலம், அப்புறம் மழைக்கு நாலு தகரம். பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை லயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். அடுத்த கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களும் அப்படியே புதைத்தார்கள். நியூசிலாந்து மவோரிகளுக்கும் அந்த வழக்கம் உண்டு.

கங்காணிகள், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர்கள், ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவருவது 1938இல் நின்றுபோனது. அதற்கு முன்பே வந்துவிட்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். இத்தனை தலைமுறை பொங்கல் வாங்கிய சாமிக்கு இனி என்ன அத்தாட்சி வேண்டும்? பாட்டனின் ஊரைப் பார்க்க ஆசையென்றால் தாராளமாகப் போய் வாருங்கள். குற்றம் என்று பயந்து போகாதீர்கள்.

உண்மையான சங்கடம் வேறு. பல கோயில்களுக்குச் சாமி இருந்தது, பட்டா இல்லை. தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்ததும் சாமியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார்கள். பழைய இடத்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். என்னைக் கேட்டால் அதுவும் பிடிமண்தான்.

வாசலில் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தச் சாமி, யார் பூசை வைத்தது என்று தெரிந்த பாட்டிமார்கள் அன்னதானத்துக்குப் போகும் முன் சொல்லிவிட்டுப் போங்கள். பேரப்பிள்ளைகள் யாராவது உட்கார்ந்து எழுதுங்கள், செயலாளரின் கையெழுத்து ஒருவருக்கும் புரியாது. நன்றி, வணக்கம்.