பட்டியலிலிருந்து விலகிய தாய்மார்கள்

அவையோர்க்கு வணக்கம்.

1996 ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம், ஏழைத் தாய்மார்களுக்கு 1935 முதல் கிடைத்துவந்த ரொக்க உதவியை, தகுதியுள்ள எவரும் உரிமையோடு பெறலாம் என்ற நிலையைப் பறித்தது. கூட்டரசு நிதியிலிருந்து ஒருவர் உதவி பெறும் காலம் வாழ்நாள் முழுமைக்கும் 60 மாதங்கள் என வரையறுக்கப்பட்டது. 1994இல் 50 லட்சமாக இருந்த பயனாளிக் குடும்பங்கள் 2000இல் பாதிக்கும் கீழாகச் சரிந்தன. அதையே வெற்றி என்று பறைசாற்றினார்கள். பட்டியலில் பெயர் குறைந்தால் வறுமையும் குறைந்துவிட்டது என்று கணக்கிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விலகியவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வேலை என்ன தந்தது? 1997இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டில் ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் கிடைப்பது 10,712 டாலர். மூவர் கொண்ட குடும்பத்துக்கு அரசே வகுத்த வறுமைக்கோடோ 13,330 டாலர். கடையிலும் உணவகத்திலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்த இப்பெண்களுக்கு, அந்த 40 மணி நேரமே பல வாரங்களில் வாய்க்கவில்லை.

வருமானம் ஏறும்போது வேறு உதவிகள் இறங்கும். கூடுதலாக ஈட்டும் 100 டாலருக்கு உணவுக் கூப்பனில் ஏறத்தாழ 24 டாலர் குறையும். அரசுக் குடியிருப்பில் வசிப்பவருக்கு வாடகை 30 டாலர் வரை கூடும். குழந்தையைப் பார்த்துக்கொள்வோருக்கான கட்டணமும் பேருந்துச் செலவும் இதற்கு மேல். உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகையை 1993இல் விரிவுபடுத்தியிராவிட்டால் பலருடைய நிலை இன்னும் மோசமாகியிருக்கும். 1996 சட்டத்துக்குக் கிடைத்த பாராட்டில் பெரும்பங்கு அந்தச் சலுகைக்கே சேர வேண்டும் என்பேன்.

வேலையும் இல்லாமல், உதவியும் இல்லாமல் நின்ற பெண்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. நோயாளிகள், ஊனமுற்ற குழந்தையை விட்டு நகர முடியாதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் ஆகியோரே இவர்களில் மிகுதி. இந்த ரொக்க உதவிக்காகக் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் நிதியோ ஆண்டுக்கு 1,650 கோடி டாலர் என்று நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசிக்கேற்ப அது உயர்த்தப்படவேயில்லை. 1996இல் ஏழ்மையிலிருந்த, குழந்தைகளுள்ள 100 குடும்பங்களில் 68 குடும்பங்களை எட்டிய ரொக்க உதவி, 2020இல் 21 குடும்பங்களையே எட்டியது.