எபிக்டீட்டசின் விளக்கு

வணக்கம். அடுப்படியில் நின்றபடி கேட்கிறவர்களுக்கும், ஓட்டோ ஓடிக்கொண்டு கேட்கிறவர்களுக்கும், கடை வாசலில் ரேடியோவைப் பாடவிட்டு ஒரு காது மட்டும் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம். பழைய தத்துவத்தை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் நிம்மதியாக இருக்க முடியுமா என்று பேச இந்த வானொலிக்காரர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கு அது பயன்பட்டிருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறேன்.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரச் சந்தைப் பக்கத்தில், சுவரில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபம் இருந்தது. சீனோ என்பவர் அங்கேதான் பேசுவார், வருகிறவன் போகிறவன் எல்லாரும் கேட்கலாம். அந்த மாதிரி மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்டோவா என்று பெயர், அதனால் அவருடைய ஆட்களுக்கு ஸ்டோயிக்குகள் என்று பெயர் வந்தது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது திண்ணைக்காரர் என்றே சொல்வேன். வெயிலுக்கு ஒதுங்குகிறவனும் உட்கார்ந்து கதை கேட்கிற இடம் எங்களுக்குத் திண்ணைதானே.

அந்தத் திண்ணைக்காரர் வழியில் பிறகு வந்தவர் எபிக்டீட்டஸ். அவர் அடிமை. அந்தப் பெயரின் பொருளே 'வாங்கப்பட்டவன்' என்பதுதான், யோசித்துப் பாருங்கள். ஒரு கால் ஊனம். விடுதலை கிடைத்து ரோமில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, டொமிஷியன் என்ற பேரரசன் தத்துவம் பேசுகிறவர்களை எல்லாம் நகரத்தை விட்டுத் துரத்தினான். இவரும் இடம்பெயர்ந்து கிரேக்கத்தில் நிக்கோப்பொலிஸ் என்ற ஊரில் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். தன் கையால் ஒன்றும் எழுதவில்லை. அரியன் என்ற மாணவர் வகுப்பில் எடுத்த குறிப்புகள்தான் இன்றைக்கு எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. அவர் சொன்னதன் அடி ஒன்றுதான்: சில விசயங்கள் உன் கையில் இருக்கின்றன, சில இல்லை. எதை நினைக்கிறாய், எதை விரும்புகிறாய், எதற்கு முயற்சி செய்கிறாய் என்பதெல்லாம் உன்னுடையது. உடம்பு, சொத்து, பேர், பதவி எல்லாம் உன்னுடையது இல்லை.

சரி, இதைக் கேட்கிறபோது லேசாகத்தான் இருக்கும். அதனால் அவருடைய விளக்குக் கதையைச் சொல்கிறேன். என்னுடன் பழகியவர்கள் இதை என் வாயால் பல தடவை கேட்டிருப்பார்கள், பரவாயில்லை. எபிக்டீட்டஸ் வீட்டில் சாமி வைத்த இடத்தில் ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஒருநாள் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கைக் காணோம், கள்ளன் கொண்டு போய்விட்டான். அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: நாளைக்கு மண் விளக்கு ஒன்று வாங்கிக்கொள், இருக்கிறவனுக்குத்தான் இழப்பு வரும். இன்னோர் இடத்தில் அந்தக் கள்ளனைப் பற்றியும் பேசுகிறார். விழித்திருப்பதில் அவன் என்னை வென்றுவிட்டான், ஆனால் அந்த விளக்குக்கு அவன் கொடுத்த விலை பெரிது, ஒரு விளக்குக்காகத் தன்னையே கள்ளனாக்கிக்கொண்டான் என்கிறார்.

விளக்கு என்றதும் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஜாம் போத்தல் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தில் யுத்த காலம், கரண்ட் இல்லாத, மண்ணெண்ணெய்க்கு ஆலாய்ப் பறந்த வருசங்கள். சின்ன ஜாம் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு ஊறுகிற அளவுக்கு எண்ணெய், உள்ளே கம்பியில் நிறுத்திய ஒரு நூல் திரி. காற்று அடித்தாலும் போத்தல் சுவர் காப்பாற்றும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டதும் அந்தக் காலம்தான். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி பாதியில் தேய்ந்து போகும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது, எல்லாரையும் போல நாங்களும் வீட்டை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் இருந்தது, கதவு நிலை இல்லை. ஐயா ஒரு பழைய கொப்பியை எடுத்துப் பட்டியல் எழுதத் தொடங்கினார். தையல் மெசின், அலுமாரி, பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, கிணற்றுக் கப்பி. ஒவ்வோர் இரவும் எழுதுவார், எழுதியதைத் திரும்ப வாசிப்பார், ஒன்று விடுபட்டது என்று நடுவில் செருகுவார். வீட்டில் விளக்கு ஒன்றுதான், அது ஐயாவின் கொப்பிப் பக்கம் இருக்கும், நான் விளிம்பு வெளிச்சத்தில் கணக்குச் செய்வேன். ஒருநாள் அம்மா வந்து ஒன்றும் கோபிக்காமல், "இஞ்ச விடுங்கோ, பிள்ளை படிக்கட்டும்" என்று சொல்லிப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தா. சூடான போத்தல், சீலைத் தலைப்பால் பிடித்துத்தான் நகர்த்தினா. ஐயா கொஞ்ச நேரம் இருட்டில் இருந்துவிட்டுக் கொப்பியை மூடினார்.

எபிக்டீட்டசை நான் வாசித்தது எத்தனையோ வருசம் கழித்து. வாசித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் தெரிந்தது. போன அலுமாரி எங்கள் கையில் இல்லை. அந்த ஒரு விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்பது கையில் இருந்தது.

இப்போது வெளிச்சத்துக்குக் குறை இல்லை, ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு வட்ஸ்அப்பில் "சாப்பிட்டியா" என்று போட்டுவிட்டு, அந்த இரண்டு கோடும் நீலமாகுதா என்று பத்துத் தரம் எடுத்துப் பார்க்கிற அம்மாமாரை எனக்குத் தெரியும். கேட்டது உங்களுடையது அம்மா, அன்போடு கேட்டுவிட்டீர்கள், அது முடிந்தது. நீலம் அவனுடைய வேலை நேரத்தையும் நித்திரையையும் பொறுத்தது. ஏ.எல். பரீட்சைப் பெறுபேறும் அப்படித்தான், விசாவும் அப்படித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது பேசாமல் இரு என்று சொல்கிற தத்துவம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017 தொடக்கம் கிளிநொச்சியில் தெருவோரம் இருக்கிற தாய்மாரிடம் போய், உங்கள் கையில் இல்லை, விடுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. பதில் அவர்கள் கையில் இல்லை, கேட்பது அவர்கள் கையில் இருக்கிறது, கேட்கிறார்கள். திண்ணைக்காரர் வில்லாளியை உதாரணம் காட்டுவார்கள். குறி பார்த்து, நாண் இழுத்து, முழு மனதோடு விடுவது அவன் வேலை, விட்ட பிறகு காற்று இருக்கிறது. எதிலும் முயற்சி செய்யாமல் "எல்லாம் விதி" என்று சாய்ந்துகொள்வதை இவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். குறித்துக்கொண்டு வந்த மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, ரோமில் இருந்த இன்னொரு திண்ணைக்காரர் செனக்காவை மட்டும் சொல்கிறேன். அவரிடமும் விளக்கு வருகிறது. இரவு விளக்கை அறையை விட்டு அகற்றிய பிறகு, அவருடைய பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருப்பா, அவர் அன்றைய நாள் முழுவதையும் ஒளிக்காமல் திருப்பிப் பார்ப்பார். பிழை தெரிந்தால், இனிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தனக்கே சொல்வார். நான் போனை மற்ற அறையில் வைத்துவிட்டு இதைச் செய்கிறேன், பத்து நிமிடம் போதும். நேற்றிரவு அப்படிப் பார்த்தபோது, மரக்கறி கொண்டு வருகிற அம்மாவிடம் இருபது ரூபாய்க்காகக் குரலை உயர்த்தியது வந்து நின்றது. இன்று காலை அவ ஒழுங்கையால் வரும்வரை படலையில் காத்து நின்றேன்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.