கருப்பட்டித் துண்டும் கணக்குத் தேர்வும்

[காட்சி: மண்டபம் கடற்கரை, விடியற்காலை. வலை காயும் மணலில் புத்தகத்தோடு ஒரு மாணவி.]

ப்ளஸ் டூ கணக்குத் தேர்வு. கேள்வியைப் படித்ததுமே வழி தெரிந்துவிடுகிறது. இரண்டு வரி எழுதியதும், என்றோ காதில் விழுந்த பேச்சு எழுந்து வருகிறது: “கடல்பாசி எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது?” மனம் அதற்குப் பதில் சொல்லப் போய்விடுகிறது. திரும்பி வந்து பார்த்தால் மூன்றாம் வரி மறந்திருக்கிறது. உள்ளங்கை ஈரத்தில் விடைத்தாள் ஒட்டுகிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தையே ‘தண்ணியில்லாக் காடு’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டுதான் நம் பிள்ளைகள் தேர்வறைக்குள் போகிறார்கள்.

[காட்சி: ஒரு சிலேட்டு. பாதியில் கணக்கு, மீதியில் கிறுக்கல்.]

1995-இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற உளவியலாளர்கள் இப்படிப்பட்ட பேச்சு தேர்வில் என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். கறுப்பினத்தவருக்கு அறிவுத்திறன் குறைவு என்ற பழிப்பேச்சு அங்கே உண்டு. ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் சறுக்கினார்கள். அப்படிச் சொல்லாதபோது சறுக்கல் வெகுவாகக் குறைந்தது.

நம் நாட்டுச் சான்று இன்னும் வலிக்கும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்தார்கள். சாதி தெரியாதபோது எல்லோரும் ஏறக்குறைய சமமாகத் தீர்த்தார்கள். சாதியை எல்லோர் முன்னும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. பிள்ளைகள் அதேதான், புதிரும் அதேதான்.

கணக்குப் போடும்போது மனத்தில் ஒரு சின்னச் சிலேட்டு வேண்டும். செயல்நினைவு என்பது அதன் பெயர். பயம் அதில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது.

[காட்சி: உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டு, மிக அருகில்.]

2012-இல் உல்ரிச் வேகரும் அவருடைய குழுவினரும், ‘பெண்களுக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சின் பாதிப்பை ஆராய்ந்தார்கள். மாணவிகளில் ஒரு பகுதியினர் தேர்வுக்கு முன் ஐந்து நிமிடம் உலர்திராட்சையை முழுக் கவனத்தோடு தின்றார்கள். அவர்களிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. இது சிறிய ஆய்வுதான். இந்தப் பயத்தைப் பற்றிய சில பெரிய ஆய்வுகளிலும் விளைவு தெளிவாகத் தெரியவில்லை. அதனால் இதை மந்திரமாக நம்ப வேண்டாம், பழகிப் பாருங்கள்.

நமக்குத் திராட்சை எதற்கு? சாயல்குடிப் பக்கம் காய்ச்சிய கருப்பட்டி போதும். ஒரு பக்கம் சிரட்டையின் வளைவு. உடைந்த பக்கம் சொரசொரப்பு. முகருங்கள், அடுப்புப் புகை லேசாக வரும். நாக்கில் வையுங்கள். கூர்முனை கரைந்து மழுங்குவதைக் கவனியுங்கள். நடுவில் அந்தக் குரல் வரும். அதோடு சண்டை போடாதீர்கள். ‘வந்துவிட்டாயா’ என்று பார்த்துவிட்டு, மறுபடி நாக்குக்குத் திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் தியானம். தினமும் ஐந்து நிமிடம், தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

அப்படிப் பேசுகிறவர்கள் வாயை மூடுவதுதான் முறையான மருந்து. அதற்காக மார்ச் மாதத் தேர்வு காத்திருக்காதே!

[காட்சி: தேர்வறை. மேசைக்கடியில் இரண்டு பாதங்கள்.]

வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். முதல் அரை நிமிடம் தாளைத் தொடாதீர்கள். பாதம் தரையில் படுவதை உணருங்கள். மூன்று முறை மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைப் பாருங்கள். பிறகு முதல் கேள்வி.